சன்னலுக்கு வெளியே நின்ற மதினி

“படிச்ச புள்ள, ஒரு காய்ச்ச தலவலின்னா கூட இருந்து பாக்குமா? அம்மா வீட்டுக்கு ஓடிரும்.”

எங்களுக்குப் பேசி முடித்த அன்று மதினி சொன்னது இது. மதினி என் கணவர் செந்திலின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் நோய் வந்தது. செந்தில், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுபவர். ஒருநாள் காலை போடிமெட்டு ஏற்றத்தில், வளைவு ஒன்றில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். “என்ன அப்பு, வண்டி படுத்துச்சா, நீ படுத்தியா?” என்று தோட்டத்துப் பெண்கள் கேலி செய்தார்களாம். சிரிக்க வாயைத் திறந்தவரின் பல்லெல்லாம் ரத்தம்.

மதுரையில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை (இடுப்பெலும்பில் ஊசி போட்டுச் சிறிது மஜ்ஜை எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். அக்யூட் மைலாய்டு லுகேமியா (முதிராத வெள்ளணுக்கள் மஜ்ஜையை வேகமாக நிறைத்துவிடும் ரத்தப் புற்றுநோய்). தாளில் இருந்ததை அவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். படித்ததற்காக அன்றுதான் முதன்முறையாக வருந்தினேன்.

கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்லும் மருந்துச் சிகிச்சை) நல்ல வெள்ளணுக்களையும் அழித்துவிடுகிறது. அப்போது அடுத்தவரின் சாதாரணச் சளி தொற்றினாலும் உயிருக்கு ஆபத்து. இரண்டாம் சுற்று முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மருத்துவர், “யாரையும் கிட்ட விடாதீங்கம்மா. பூ, திருநீறு, வேக வைக்காத பழம் எதுவும் வேணாம்” என்றார்.

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வராதவர்களோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். வந்தவரை வாசலில் நிறுத்தினால் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் அப்படிச் செய்ததில்லை.

மதினி ராசிங்காபுரத்திலிருந்து வந்தார். ஒரு கையில் கோயில் திருநீறு, மறுகையில் கொய்யாப்பழப் பை. குரல் சளியில் கட்டியிருந்தது.

“தள்ளு புள்ள. எந்தம்பியப் பாக்கணும்.”

“சன்னல் வழியாப் பேசுங்க மதினி. உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு.”

“பீ மூத்திரம் அள்ளி வளத்தவ நானு. எந்தம்பிக்கு நானே நோயாடி?”

நான் நகரவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சன்னல் பக்கம் போய் நின்று உள்ளே பார்த்தார். பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“அக்கா போயிருச்சா?” என்று உள்ளிருந்து கேட்டார் செந்தில்.

“ம்.”

“கொய்யா கொண்டாந்துச்சா?”

“கொண்டாந்துச்சு.”

“வேக வச்சுக் குடு. குழம்பாச்சும் ஆகட்டும்.” சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். முதுகு குலுங்கியது.

அன்று செய்ததற்கு நான் வருந்தவில்லை. இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி வாசலை மறித்து நிற்க வேண்டிவரலாம். நில்லுங்கள்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது, மருந்து மட்டும் போதாது, ஸ்டெம் செல் மாற்று (ஆரோக்கியமான ஒருவரின், ரத்தம் உருவாக்கும் அணுக்களைச் செலுத்துவது) தேவைப்படும் என்றார் மருத்துவர். “கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்களோடது பொருந்த வாய்ப்பு அதிகம்.”

செந்தில் ஃபோனை எடுத்தார். இது ஃபோனில் கேட்கும் காரியமில்லை என்று நானே ராசிங்காபுரம் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்த மதினி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நின்றபடியே விவரம் சொன்னேன்.

“எம்புட்டு ரத்தம் வேணும்?”

“இப்ப கொஞ்சந்தான் மதினி. பொருந்துனா பெறகு சொல்லுவாங்க.”

“பொருந்தாம என்ன? இரு, வெரசா சேலைய மாத்திட்டு வர்றேன்.”

மதுரை பஸ்ஸில் ஏறினோம். தேனி தாண்டியதும் என் மடியில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார்.

பொருந்தவில்லை. பாதிகூட இல்லை. மருத்துவமனை நடையில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரே வயித்துல பொறந்தோம்ல? எப்பிடிச் சேராம போகும்? நீ படிச்சவதான, சொல்லு.”

அது எப்படி என்று எனக்குத் தெரியும். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

இப்போது கொடையாளர் பதிவேடுகளில் (அணுக்கள் தர முன்வந்தவர்களின் தொகுப்பு) தேடுகிறார்கள். ஆள் கிடைக்கும்வரை நோய் திரும்பாமல் இருக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் பொழுது, இல்லாத பொழுது என்றுதான் எனக்கு நாள் போகிறது. அவர் கையைப் பிடித்தால் முதலில் சூடுதான் தெரிகிறது. கை பிறகுதான் தெரிகிறது.

முகம் தெரியாத ஒருவர் மனம் வைத்தால்தான் உண்டு. வேறொரு ஊரிலும் யாரோ இப்படிக் காத்திருப்பார்கள். போன வாரம், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, என் மாதிரியைப் பதிவேட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.