வியாழக்கிழமை போன்

மரியமலருக்கு அறுபத்தொரு வயதில் பொறாமை வந்தது, அதுவும் முகம் தெரியாத ஒருத்தி மேல். கடல் கடந்து வந்து ஃபாரஸ்ட் கேட்டில் முப்பத்திநாலு வருசம் குடும்பம் நடத்திய பிறகு!

புருசன் செபமாலைமுத்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வழக்கமான பிரஷர் குளிசைகள் எங்கள் தமிழ் ஆட்களின் உடம்பில் என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதில் வேலை செய்யும் தாதி பிறேமினி வியாழன்தோறும் நாலு மணிக்குப் போன் எடுப்பாள். மூன்றரைக்கே மனிசன் சீப்பால் தலை இழுத்து, சேட்டு மாற்றி, கதிரையில் உட்கார்ந்து தயார். போனில் கதைக்கச் சேட்டு மாற்றுகிற ஆளை எங்கேயாவது கண்டதுண்டா?

"விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிப்பு வரும் பிள்ளை. பிறேக் பிடிக்காத பஸ்ஸை ஓடுறமாதிரிக் கனவு," என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

குசினியில் நின்ற மரியமலருக்கு அந்தக் கனவு புதுச் செய்தி. அவள் கேட்டால் "ஒண்டுமில்லையப்பா" என்பதோடு சரி. கையிலிருந்த அகப்பையைத் தொட்டிக்குள் எறிந்தாள்.

"கால் வீங்குதோ அங்கிள்?" ஸ்பீக்கரில் பிறேமினியின் குரல் தேனாக வந்தது.

"சீச்சீ, இல்லைப் பிள்ளை."

பச்சைப் பொய்! இரண்டு கணுக்காலும் வீங்கிப்போய்க் கிடக்கின்றன. படுக்கையிலும் சொக்ஸ் கழற்றுவதில்லை. ஏன் ஒளிக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால் குளிசையை நிற்பாட்டுவார்கள், வியாழக்கிழமைப் போனும் நின்றுவிடும். அந்தப் பிறேமினிக்காகத் தன் காலையே கொடுக்கத் துணிந்துவிட்டாரே, பாவி மனிசன்!

பாய்ந்து போய்ப் போனைப் பறித்தாள்.

"பிள்ளை, நான் அவற்ற மனிசி. ரெண்டு காலும் வீங்கியிருக்கு. இவர் உமக்கு ஒளிக்கிறார்."

"நல்ல காலம் சொன்னீங்கள் அன்ரி. இண்டைக்கே டொக்டரோட கதைக்கிறன். அங்கிள் இனி இந்த ஆராய்ச்சியில இருக்க ஏலாமப் போகலாம்."

"போகட்டும்!"

செபமாலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். வென்றுவிட்ட மரியமலர் போனை வைக்கப் போனாள்.

"அன்ரி, நீங்கள் எப்பிடி? நித்திரை கொள்ளுறீங்களோ?"

வெடுக்கென்று ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இந்த வீட்டில் ஒருவரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க பிள்ளை நித்திரை? ரெண்டு வருசமா முழங்கால் உளைவு..."

"முழங்காலோ? எனக்கேனப்பா சொல்லேல்லை?" செபமாலைமுத்துவின் முகம் கறுத்துப்போனது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று மரியமலர் ஸ்பீக்கரை நிற்பாட்டினாள். "நான் பிள்ளையோட கதைச்சுக்கொண்டிருக்கிறன்."