எட்டு எம்எம் ஓட்டை

டிரில் பிட் சூடாகி மரம் கருகற வாசனை இருக்குதே... அது மூக்குல பட்டா எனக்கு இன்னிக்கும் மாம்பழ ஜூஸ் ஞாபகம்தான் வரும்.

அப்போ எனக்கு கல்யாணமாகி எட்டு மாசம். செவிலிமேட்டுல வாடகை வீடு. நான், எங்க வீட்டுக்காரர், அத்தை, மூணே பேரு. அத்தை அதுவரைக்கும் பிள்ளையார்பாளையத்துலயே இருந்தவங்க. பக்கத்து வீட்டு தறி சத்தம் இல்லாம தூக்கம் வரலன்னு முதல் ஒரு மாசம் சொல்லிக்கினே இருந்தாங்க.

சமையல்கட்டுல ஒரு ஷெல்ஃப் மாட்டணும். நாலு ஓட்டை போட கார்பெண்டரை கூப்பிட்டா இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்தாரு. எனக்கு பொறுமை போச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில போய், இருக்கறதுலயே விலை கம்மியான டிரில் மெசின் ஒண்ணு வாங்கினேன். பேரே தெரியாத கம்பெனி. கூட ஆறு பிட், ஒரு சுத்தியல், ஒரு உளி.

கடைக்காரர் மட்டும் நேர்மையா சொன்னாரு. "அஞ்சு நிமிஷம் ஓட்டினா அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் குடுக்கணும்மா. இல்லன்னா உள்ள மோட்டார் காயில் எரிஞ்சு போயிடும்."

ஷெல்ஃப் மாட்டிட்டேன். கொஞ்சம் சாஞ்சுதான் இருந்துச்சு... அன்னிக்கு சாயங்காலம் அத்தை அவங்க தங்கச்சிகிட்ட போன்ல பேசினது என் காதுல விழுந்துச்சு. மருமக குழம்பு வைக்க கத்துக்காம சுவத்துல ஓட்டை போட கத்துக்கிறாளாம். நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன். எங்களுக்குள்ள அப்போ அவ்ளோதான் பேச்சு.

ஒரு பத்து நாள் போயிருக்கும். விடாத மழை. வீட்டுக்காரர் காலை ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ்ல போயிட்டாரு. அத்தைக்கு சுகர். இன்சுலின் ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிடணும், இல்லன்னா சுகர் ரொம்ப இறங்கி மயக்கமாயிடும். அன்னிக்கு ஊசிய போட்டுக்கினு, இட்லி எடுத்து வைம்மா, இதோ வந்துடறேன்னு பாத்ரூம் போனாங்க.

வரல.

உள்ளேருந்து கதவை தட்டறாங்க. மழையில மரக்கதவு ஊறி உப்பிப் போச்சு. துருப்பிடிச்ச தாழ்ப்பாளை பலமா இழுத்திருக்காங்க, அதோட கைப்பிடி மட்டும் உடைஞ்சு கையோட வந்துடுச்சு. நான் தோள்பட்டையால இடிச்சேன். அசையல. கீழ நிலைக்கட்டை, ஒரு பேப்பர் கூட நுழையாது. ஜன்னல் பக்கம் போகலாம்னா ஒரு சாண் சந்து. பக்கத்து வீட்ல எல்லாரும் வேலைக்கு போயிட்டாங்க. வீட்டுக்காரர் போனை கம்பெனி கேட்லயே வாங்கி வெச்சுடுவாங்க. கார்பெண்டருக்கு அடிச்சா, மழை விட்டதும் வரேன்னாரு.

உள்ளேருந்து அத்தை குரல் மெதுவா ஆயிக்கினே வந்துச்சு. "சுமதி... கை நடுங்குதும்மா. வேர்த்து ஊத்துது."

மெசினை எடுத்தேன். இருக்கறதுலயே நீளமான பிட்டு எட்டு எம்எம். கதவை விட்டு தள்ளி சுவரோரமா உக்காருங்க அத்தைன்னு கத்திட்டு, உக்காந்தபடியே அவங்க வாய் எட்டற உயரத்துல வெச்சு அழுத்தினேன். அப்பதான் அந்த கருகற வாசனை. மரத்தூள் கண்ல விழுது... திடீர்னு பிட்டு லேசாயி உள்ள போச்சு. வெளிச்சம் தெரிஞ்சுது.

ஃப்ரிட்ஜ்ல மாம்பழ ஜூஸ் பாக்கெட் ரெண்டு இருந்துச்சு. ஸ்ட்ராவை பாக்கெட்ல குத்தி, மறு முனைய ஓட்டைக்குள்ள விட்டேன்.

"கதவுகிட்ட நகந்து வாங்க அத்தை. வாய் வெச்சு உறிஞ்சுங்க."

ஒண்ணுமே நடக்கல. அப்புறம் என் கையில இருந்த பாக்கெட் கொஞ்சம் கொஞ்சமா ஒட்ட ஆரம்பிச்சுது. குடிக்கிறாங்கன்னு அப்படித்தான் தெரிஞ்சுக்கினேன். ரெண்டாவது பாக்கெட்டும் ஒட்டினதுக்கப்புறம், "இப்போ தேவலாம்மா"ன்னு ஒரு குரல் வந்துச்சு பாருங்க... அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டேன்.

மெசின் கொதிக்குது. ரெஸ்ட் குடுக்கணும். அந்த நேரத்துல ஓட்டை வழியா பேசிக்கினே இருந்தோம். தங்கச்சிகிட்ட என்னை பத்தி கிண்டலா பேசிட்டேன்னு அவங்களே சொன்னாங்க. "மனசுல வெச்சுக்காதேம்மா."

கேட்டேன் அத்தை, குழம்பு நிஜமாவே சுமார்தான்னு சொன்னேன். உள்ளேருந்து சிரிப்பு சத்தம்.

அப்புறம் தாழ்ப்பாளை சுத்தி ஓட்டையா போட்டேன். ஆறாவது ஓட்டையில மெசின்ல புகை வந்து நின்னுடுச்சு. அதுக்கப்புறம் உயிரே வரல. மிச்சத்தை உளி வெச்சு சுத்தியல்ல அடிச்சு பேத்தேன். கதவு திறந்துச்சு. அத்தை என் தோளை பிடிச்சுக்கினு வெளிய வந்தாங்க. உடனே சுகர் செக் பண்ணேன். நார்மல். எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

மழை விட்டு கார்பெண்டர் வந்து கதவை பாத்துட்டு, யார் இப்படி பண்ணதுன்னு கேட்டாரு.

"என் மருமக"ன்னாங்க அத்தை. அவ்ளோதான்.

இப்போ சொந்த வீடு. போன்ல தட்டினா மறுநாளே நல்ல கம்பெனி டிரில் வாசலுக்கு வந்துடுது. வயரே இல்ல, சார்ஜ்தான். எவ்ளோ ஓட்டினாலும் சூடாவறதில்ல. பாத்ரூமுக்கு, உள்ள பூட்டினாலும் வெளிய காசு வெச்சு திருகி திறக்கற பூட்டு போட்டிருக்கோம். நிம்மதிதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மெசினை பழைய இரும்புக்கு போட்டதுதான் மனசு உறுத்துது... ஒரு ஓரமா வெச்சிருந்திருக்கலாம்.

அத்தைக்கு எந்த பூட்டு மேலயும் நம்பிக்கை வரல. இன்னிக்கு வரைக்கும் பாத்ரூம் கதவை சும்மா சாத்திக்கினுதான் போறாங்க. உள்ள போனதும் ஒரு குரல் குடுப்பாங்க, "சுமதி, நான் இங்க இருக்கேன்."

வீட்ல எந்த மூலையில இருந்தாலும் நான், "சரி அத்தை"ம்பேன்.