என் வீட்டு முக்கூடல்

போன வெள்ளிக்கிழமை காலை என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்துவிட்டது. எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியாது. மகளுக்கே தெரியாது. மாப்பிள்ளை என்று யாரும் கிடையாது. நடத்தி வைத்தவர் எங்கள் தெரு கேபிள் அண்ணாச்சி!

கோபத்தில், மறுபடி பேனாவைப் பிடித்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாகத்தான் வருகிறது. உங்களுக்கு அச்சில் தெரியாது... டைப் அடிக்கிற தம்பியைக் கேளுங்கள், சொல்வார்.

இந்தப் பத்தியை இனி இன்டர்நெட்டில் அனுப்பச் சொல்லி ஆசிரியர் உத்தரவு போட்டார். ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அது வந்து இறங்கிய மறுநாளே கேபிள் அண்ணாச்சியும் வந்து இறங்கினார். அதுவரை எங்கள் தெருவுக்கு டி.வி. வயர் இழுத்துக்கொண்டிருந்த மனிதர்.

"டி.வி., போனு, இன்டர்நெட்டு... மூணுக்கும் மூணு பேரு பின்னால எதுக்கு அலையுதீய? எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி. வயரிங், கனெக்‌ஷன், ரிப்பேரு... நான் ஒருத்தனே பாத்துக்கிடுதேன்."

மயங்கிவிட்டேன். படித்தவன் மயங்குவதற்கு 'எல்லாம் ஒண்ணுதான்' என்ற ஒரு வார்த்தை போதும். வேதாந்தம் என்று நினைத்துவிடுகிறான்.

ஹால் சுவரில் ஒரு மரப்பெட்டியை அடித்து, மூன்று வயர்களையும் அதற்குள் கொண்டுவந்து விட்டார். சீவலப்பேரியில் மூன்று ஆறு கூடுகிறது, முக்கூடல் என்கிறோம். அங்கே தண்ணீராவது வருகிறது. என் வீட்டு முக்கூடலில் என்ன வந்தது? டி.வி.யில் கொசு பறந்தது. போனில் யாரோ அப்பளம் பொரித்தார்கள். இன்டர்நெட்டில் ஒரு படம் நெற்றியில் ஆரம்பித்து மூக்குக்கு இறங்குவதற்குள் என் மனைவி ரசம் வைத்து இறக்கிவிடுவாள்.

கேட்டால், அண்ணாச்சி போன் ஆபீஸைக் கையைக் காட்டுவார். போன் ஆபீஸில், "அந்தப் பொட்டியக் கழட்டிட்டு வந்து பேசுங்க" என்பார்கள். இன்டர்நெட் கம்பெனி இருப்பது சென்னையில். புகார் சொல்ல போன் செய்ய வேண்டுமாம். போனே வேலை செய்யவில்லை என்பதுதானே ஐயா புகார்! அதை எதில் சொல்வது... புறா காலில் கட்டியா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை.

முந்தின ஞாயிறு அம்பாசமுத்திரத்திலிருந்து டீச்சராக இருக்கிற என் மகள் கோமதியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கேசரி தின்றார்கள். மாப்பிள்ளைப் பையன் அவளிடம் நாலு வார்த்தை பேசினான். கிளம்பும்போது அவன் அப்பா, "வெள்ளிக்கிழம காலைல போன் போட்டுச் சொல்லுதோம்" என்றார். இதற்கு முன் வந்துபோன வரன்களைப் பற்றிக் கேட்டால், "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்கிறவள் கோமதி. இந்த முறையோ, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் புரியாதா?

என் மனைவி வீடு முழுக்க ஊரடங்குச் சட்டம் போட்டாள். "போன் வர வரைக்கும் யாரும் ரிசீவரத் தொடப்பிடாது. அவுஹ போடும்போது லைன் கெடைக்காமப் போயிரும்."

தொடவில்லை. சத்தியமாக ஒருவரும் தொடவில்லை. நான் மட்டும் விடிந்ததும் பத்தியை இன்டர்நெட்டில் அனுப்பிவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரையை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் வரை போன் வரவில்லை. கோமதி எல்லாப் பேப்பரையும் திருத்தி முடித்துவிட்டு, திருத்தின பேப்பரையே மறுபடி புரட்டிக்கொண்டிருந்தாள்.

போனுக்குப் பதில் ஆள் வந்தது. இந்த வரனைக் கொண்டுவந்த தரகர் சுப்பையா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னவே, பேப்பர்ல ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுதீரு! பொண்ணுக்கு வேற எடத்துல நிச்சயம் பண்ணிட்டு, இவங்களுக்கும் கேசரி கிண்டிப் போட்டீராக்கும்?"

"யாருவே சொன்னா?"

"பையனுக்க அம்மையே சொல்லுதா. காலைலேருந்து போன் போட்ட அவ வீட்டுக்காரரு, 'எங்கேஜ்டு, எங்கேஜ்டு'ன்னு அஞ்சாறு வாட்டி சொல்லியிருக்காரு. அடுக்களைல நின்ன அந்த அம்மா, பொண்ணுதான் எங்கேஜ்டுன்னு வெளங்கிக்கிட்டு, தன் அண்ணன்கிட்ட சொல்லி அழுதிருக்கா. அந்த அண்ணன்காரரு, 'நம்மள கேணப்பயலுவன்னு நெனச்சுட்டானுவளா'ன்னு குதிக்காரு. நாளைக்கே வேற பொண்ணு பாக்கப் போறாவளாம்."

"போன் சும்மாதானவே இருக்கு! ஒருத்தரும் தொடலியே!"

சுப்பையா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். உடனே கீழே போட்டார். "என்னவே, உள்ள பாம்பு சீறுது?"

விடிந்ததிலிருந்து போன் லைனைப் பிடித்துக்கொண்டு இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போன் கெட்டுவிடக் கூடாது என்று போனையே தொடாமல் காவல் காத்திருக்கிறோம், குடும்பத்தோடு!

கேபிள் அண்ணாச்சியிடம் ஓடினேன். வேட்டி அவிழ்ந்ததை மளிகைக் கடை வாசலில்தான் கவனித்தேன்.

"கம்ப்யூட்டர் பொட்டிய அணைச்சீயளா?" என்றார் நிதானமாக.

"திரைய அணைச்சேன்! திரைய அணைச்சாப் போதும்னு நீருதானவே சொன்னீரு?"

"அது டி.வி.க்குச் சொன்னேன் அண்ணாச்சி." என்னை இரக்கத்தோடு பார்த்தார். "டி.வி.யும் இன்டர்நெட்டும் ஒண்ணாயிருமா?"

ஒண்ணாயிருமாவா! ஒண்ணுதான் என்று சொல்லி விற்றது எங்கள் தாத்தாவா? விற்கும்போது மூன்றும் ஒன்று. கெட்டுப்போனால் மூன்றும் வேறு வேறு. இந்த வேதாந்தத்தைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால்... என்ன செய்துவிடுவேன்? ஒரு பத்தி எழுதுவேன். அதுதான் என் வீரம்.

வீடு திரும்பி எல்லாப் பொத்தானையும் அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்தேன். இப்போது பாம்பு சீறவில்லை. போனோடு சேர்ந்து அதுவும் செத்துவிட்டது.

சுப்பையாவைத் தூது அனுப்பலாமா, நானே பஸ் ஏறலாமா என்று நாங்கள் கத்திக்கொண்டிருக்கையில் கோமதி செருப்பை மாட்டினாள். தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. என் மகள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அத்தை, நான் கோமதி பேசுதேன். எங்க வீட்டுப் போன்தான் எங்கேஜ்டு. நான் இல்ல."

அத்தை! அவளாகவே சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நேரம் அந்த அம்மாளின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இவள் குரல் தணிந்தது. திரும்பி நின்றுகொண்டாள். மறுமுனையில் ஆள் மாறியிருக்க வேண்டும். பூத்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை நன்றாகச் சாத்தினார்.

தை மாதம் கல்யாணம். சேதி கேட்டு கேபிள் அண்ணாச்சி முதல் ஆளாக வந்து நின்றார். "பாத்தீயளா, நம்ம கனெக்‌ஷன்ல முடிஞ்ச கல்யாணம்!" மரப்பெட்டியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். கழற்றும்போது சுவரில் பாதியும் கூடவே வந்துவிட்டது. வரட்டும்.

மகள் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்கிறாள். "கல்யாணப் பத்திரிகைல நம்ம வீட்டு நம்பரப் போட்டுராதீங்கப்பா. மாப்பிள்ளையும் எங்கேஜ்டுன்னு நெனச்சுட்டு, ஒருத்தரும் வர மாட்டாங்க."

பூத் நம்பரைப் போட்டிருக்கிறேன்.