ஒதுக்கிய பக்கம்

கொழும்பில் நான் செய்யும் வேலையைத் தோட்டத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தி முடிந்ததில்லை. ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, ஓர் இடத்தில் சத்தம் கேட்கவும் பக்கத்து இடத்தில் கேட்காமல் போகவும் கணக்குப் போடும் வேலை. "அப்ப ரேடியோ ரிப்பேருங்களா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடிப்பேன்.

போன வருடத் திருவிழாவுக்கு அந்த ரேடியோ ரிப்பேர் தேவைப்பட்டது. எங்கள் றப்பர் தோட்டம் கேகாலையிலிருந்து ரம்புக்கனைக்குப் போகும் பாதைக்கு மேலே இருக்கிறது. கோயில் வாசலில் நின்று மைதானத்தைப் பார்த்தால் இடது பக்கச் சரிவில் சிங்களக் கிராமம், வலது பக்க ஏற்றத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயம். தேர் அன்று மாலை கிராமத்துப் பௌத்த விகாரையான பன்சலையில் பிக்குகள் பிரித் ஓத இருந்தார்கள். பன்சலைக்கு எங்கள் சத்தம் போனால் ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லித்தான் பொலிஸ் அனுமதி கொடுத்தது.

கோயில் கூட்டத்தில் நான் விளக்கினேன். "எட்டு ஸ்பீக்கர் பொக்ஸையும் ஒரே வரிசையில வைப்போம். ஒன்னோட அலை ஏறுற நேரம் இன்னொன்னோட அலை இறங்கினா, ரெண்டும் சேர்ற இடத்துல சத்தம் செத்துரும். அப்படியே கிராமத்துப் பக்கத்த ஒதுக்கிறலாங்க."

கோயில் தலைவர் முகத்தைச் சுளித்தார். "தம்பி, ஒதுக்குறதுங்குற பேச்சு வேணாம். கோயில் காரியம்."

லயத்தில் ஒரு வீட்டை ஒதுக்கினால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள், அங்கே தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் பேசுவது பௌதிகம், இவர்கள் பிடித்துக்கொள்வது ஒரு வார்த்தையை. சரி, மறைத்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு பொக்ஸின் அளவையும் மாற்றலாம், சத்தம் அதிலிருந்து கிளம்பும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடலாம். கேகாலையிலிருந்து வந்த சவுண்ட்ஸ்காரரின் மெஷினில் அளவை மட்டும்தான் மாற்ற முடிந்தது. அளவை மட்டும் மாற்றினால் வரிசையின் இடது பக்கத்தில் நடப்பதுதான் வலது பக்கத்திலும் நடக்கும். கிராமம் அமைதியானால் மேல் லயமும் அமைதியாகிவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தேர் அன்றைக்கு லயத்தில் நாயைத் தவிர யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பொக்ஸ்களை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, பன்சலை வாசலுக்குப் போய் நின்று கேட்டேன். பூச்சிகளின் இரைச்சலுக்குள் எங்கள் கோயில் பாட்டு இருக்கிற இடமே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. மேல் லயத்துக்கு நான் ஏறவில்லை.

மேல் லயத்தில் என் அக்கா இருக்கிறாள். அப்போது அத்தான் தவறி வருடம் திரும்பவில்லை. அதுவரை அவள் கோயில் எல்லையை மிதிக்கக் கூடாது. கொழும்பில் இருந்து இருந்து அந்தத் தீட்டுக் கணக்கு எனக்கு விட்டுப் போயிருந்தது. அவர்களின் மகளைக் கீழ் லயத்தில் வேறு வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்ததால் அவளுக்குத் தடை இல்லை. தேர் சுற்றி முடித்து இருப்பிடத்துக்கு வந்ததும் மைக்கைப் பிடித்து ஒரு முருகன் பாட்டுப் பாடுவது அத்தானின் வழக்கம். அந்த முறை மகள் பாடுவதாக இருந்தாள். வீட்டு வாசலில் இருந்து அதைக் கேட்பது ஒன்றுதான் அக்காவுக்கு அந்தத் திருவிழாவில் இருந்த பங்கு.

மகள் பாட ஆரம்பித்துப் பாதிப் பாட்டு போயிருக்கும். கோயில் எல்லையில் கட்டிய தோரணத்துக்கு வெளியே, வீட்டில் கட்டும் சேலையோடு அக்கா நின்றாள். ஓடி இறங்கியதில் மூச்சு வாங்கியது. பெண்கள் சிலர் விலகி நின்றார்கள். தலைவர் அவளிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"தங்கச்சி, வருஷம் திரும்பல. வீட்டுல இருந்தே கேக்கலாந்தானே?"

"வீட்டுல என்னங்க கேக்குது? பன்சலையில பிரித் ஓதுறது கேக்குது. எம் மக பாடுறதுதான் கேக்கல." என்னைப் பார்த்தாள். "எங்க வீட்ட ஒதுக்கச் சொன்னது யாருடா?"

தலைவரும் என்னைப் பார்த்தார்.

"இல்லக்கா, இந்த மெஷின்ல இடப் பக்கம் குறைச்சா வலப் பக்கமும்..."

"சத்தம் என் வாசலுக்கு வந்திருந்தா நான் ஏன்டா இங்க வர்றேன்?"

தலைவர் தேரின் பக்கம் திரும்பி, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகூப்பினார். அவர் பார்க்காததை மற்றவர்களும் பார்க்காமல் விட்டார்கள். மகள் மட்டும் பார்த்துவிட்டாள். பாதியில் ஒரு வரியை விட்டாள். விட்ட வரியையே திரும்ப எடுத்துப் பாடினாள். பாட்டு முடியும்வரை அக்கா தோரணத்துக்கு இந்தப் பக்கம் ஓர் அடிகூட வைக்கவில்லை. முடிந்ததும் மேல் லயத்துக்கு ஏறிப் போனாள்.

பன்சலையிலிருந்து முறைப்பாடு ஏதும் வரவில்லை. "படிச்ச படிப்பு வீண் போகலங்க" என்று சவுண்ட்ஸ்காரர் மெச்சினார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் காலை மேல் லயத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு நாற்காலிகள் கோயிலைப் பார்த்தபடி கிடந்தன. ஒன்றில் அத்தானின் துண்டு மடித்து வைத்திருந்தது.

"சாயத்தண்ணி குடிக்கிறியா?" என்றாள் அக்கா, பால் விடாத தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே.

குடிக்கிறேன் என்று சொல்லி, படியில் உட்கார்ந்தேன்.