துணி விலகாத கல்

மெல்பேர்ணில் ஒரு சின்ன அரங்கில் விளக்குப் போடுவது என் வேலை. ஊரில் படித்த எலெக்ட்ரிக்கல் டிப்ளோமாவுக்கு இங்கே கிடைத்த மரியாதை அது. நடிகர்கள் வருவார்கள், கத்துவார்கள், போவார்கள். நான் பொத்தான்களை அமுக்கிவிட்டுப் புறநகர் ட்ருகனினாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவேன். எதிலும் மனம் ஒட்டியதில்லை.

அந்த முறை நடிக்க வந்த பெண் இந்த நாட்டின் வடகோடித் தீவொன்றின் பூர்வகுடி. தன் தாயின் கல்லறையைப் பற்றித் தனியாளாக ஆடிப் பாடி நடித்தார். அவர்களிடம் ஒரு வழக்கம். புதைத்துச் சில வருடங்கள் கழித்துத்தான் கல் நாட்டுவார்கள். அதைத் துணியால் மூடி வைத்து, ஊர் கூடித் துணியை விலக்கும் நாளில்தான் துக்கம் முடியும். பிறகு ஆட்டமும் விருந்தும்.

ஆனால் அவருடைய தீவில் கடல் வருடா வருடம் ஏறி இடுகாட்டை அரித்துக்கொண்டிருந்தது. மேடையில் அந்தக் கடல், நான் தரையில் படரவிடும் நீல வெளிச்சம். அது கல்லைத் தொடுமுன் அவர் துணியை விலக்குவார், நான் வெள்ளை வெளிச்சம் போடுவேன். நிஜமான கல் திறப்பு அடுத்த மாதம். “நீயும் வா, ஆமை இறைச்சி தருவோம்” என்றார்.

மனைவியிடம் சொன்னேன். “விரதக்காரர் ஆமை தின்னவோ போறியள்?” என்று சிரித்தாள்.

கடைசி நாள் பின்னேரம் அவருக்குப் போன் வந்தது. கடல் பெருகி இடுகாட்டின் கரையோரப் பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். அம்மாவின் குழியையும்தான். நிகழ்ச்சியை நிறுத்தச் சொன்னோம். கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. துணியில் கை வைத்தவர் அதை இழுக்கவில்லை. என் பக்கம் நிமிர்ந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வெள்ளையைப் போடாமல் எல்லாவற்றையும் அணைத்தேன். அதுதான் முடிவென்று நினைத்துச் சனம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறுதல் சொல்லத்தான் போனேன். நாங்கள் எரித்த சாம்பலைக் கடலில்தான் கரைப்போம், என் அம்மாவையும் அப்படித்தான் கீரிமலைக் கரையில் கரைத்தேன், அதோடு கடமை முடிந்தது என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

“நீ கொடுத்தாய். நான் கொடுக்கவில்லையே.”

வாயைக் கொடுத்ததற்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கல் அட்டையால் செய்தது, ஒரு கையால் தூக்கலாம். துணி விலகாமல் இரண்டு பேருமாகப் பிடித்து அவருடைய வான் வண்டியில் ஏற்றினோம்.