நான் வெட்டிய ஸ்பிரிங்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் நண்பன் ஒரு பழைய கார் வாங்கினான். சிமெண்டு நிறத்தில் சின்னக் கார். அதற்கு முன்பு கோயமுத்தூரில் யாரோ ஒரு டாக்டர் வைத்திருந்தது. நண்பனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வேலம்பாளையத்தில் ஆறு நிட்டிங் மெஷினும் சில தையல் மெஷின்களும் போட்டு அவன் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தான். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் நான். ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அது முழு உண்மை இல்லை. நான் அதை மறுத்ததும் இல்லை.

கார் வந்த சில மாதங்களில் அவனுக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. கோயமுத்தூரில் பந்தயம் ஓட்டுகிற பையன்களின் கார்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறான். தன் காரும் அப்படித் தாழ்ந்து நிற்க வேண்டும். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு, கோயமுத்தூரில் அந்த வேலை செய்கிற ஒரு பட்டறைக்குப் போனான்.

பட்டறைக்காரருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நாலு ஸ்பிரிங்கும் புதுசா சுத்தோணுமுங்க. குட்டையா, ஆனா கெட்டியா இருக்கோணும். அதுக்குத் தக்கன ஷாக் அப்சார்பரும் மாத்தோணும். பத்து நாளைக்கு வண்டிய உட்டுட்டுப் போங்க."

"இருக்குற ஸ்பிரிங்கையே ஒரு சுத்து வெட்டிட்டா ஆகாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"வெட்டுறவங்க இருக்காங்க. நாங்க வெட்டுறதில்லீங்க."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விவரம் தெரியாதவனுக்குப் பதில் சொல்வதுபோல அவர் சொன்னதாக எனக்குப் பட்டது. அது ஒன்றுதான் மனதில் நின்றது.

சோமனூர் வழியாகத் திரும்பி வரும்போது நான் பேச்சை எடுத்தேன்.

"இதுக்குப் பத்து நாளா? ஒரு ஞாயித்துக்கிழமை குடு. நான் முடிச்சுத் தர்றேன்."

"கேக்கறதக் குடுத்துட்டுப் போலாம்ப்பா. அவங்களுக்கு அதுதானே தொழில்."

"அப்ப எனக்கு என்ன தொழில்?"

அவன் சிரித்துவிட்டான். அதற்கு மேல் பட்டறைப் பேச்சு எழவில்லை. அவன் சிக்கனம் பார்த்து என்னிடம் வரவில்லை. என் மனம் நோகக் கூடாது என்றுதான் ஒத்துக்கொண்டான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வாசலில் வேலையை ஆரம்பித்தோம். முன்பக்க ஸ்பிரிங்தான் ஆபத்தானது. இறுக்கிப் பிடிக்காமல் கழற்றினால் தெறித்து ஆளை அடித்துவிடும். அதற்காக நான் மரை போட்ட இரண்டு நீளக் கம்பிகளையும் கொக்கிகளையும் வைத்து ஒரு கருவி செய்திருந்தேன். நட்டை ஒவ்வொரு சுற்றாக முறுக்கும்போது நண்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். பக்கத்தில் வரப் பயந்து கதவருகே நின்றுகொண்டாள். கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, வேலைக்கு வரும் பெண்களோடு சமமாகத் தைப்பவள். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏனுங்கண்ணா, இது வெடிச்சுராதுங்களே?"

"நான் இருக்கறேன் அம்மிணி. பயப்படாதீங்க."

வெடிக்கவில்லை. முன்பக்கம் இரண்டும் சுத்தமாக முடிந்தன. பயந்த இடத்தில் ஒன்றும் நடக்காததால் எனக்குத் தைரியம் கூடிவிட்டது.

பின்பக்கம் சுலபம். ஷாக் அப்சார்பரின் போல்ட்டைக் கழற்றி அச்சைக் கீழே இறக்கினால், ஸ்பிரிங்கைக் கையாலேயே எடுத்துவிடலாம். ஒரு சுற்று வெட்டி மாட்டினேன். ஜாக்கியை இறக்கியதும் நண்பன் தள்ளி நின்று பார்த்தான்.

"பின்னாடி எந்திரிச்சு நிக்குதேப்பா. இன்னுங் கொஞ்சம்."

மறுபடி கழற்றி இன்னொரு சுற்று வெட்டினேன். காரைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசியாகச் சரிபார்த்தபோது, இடது பக்க ஸ்பிரிங்கைத் தொட்டால் சுற்றியது. சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கின் மேல்முனை தான் உட்கார வேண்டிய கிண்ணத்தை எட்டவில்லை. நடுவில் ஒரு விரல் இடைவெளி. காரைக் கீழே இறக்கினால் வண்டியின் பாரம் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓட்டத்தில் சக்கரம் எங்காவது அந்தரத்தில் தொங்கினால் அது நழுவும். அப்போதே எனக்கு இது தெரிந்தது. பட்டறைக்காரர் ஏன் வெட்டுவதில்லை என்பதும் தெரிந்தது.

நண்பன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். நான் கொஞ்சம் கட்டுக்கம்பி எடுத்து, ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றை அச்சோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், பட்டறைக்கே போயிருக்கலாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவானோ என்று இருந்தது.

கார் பார்க்க அழகாக இருந்தது. குழியில் விழுந்தால் மட்டும் முதுகெலும்பில் இடித்தது. நண்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம், "கடைக்கே போகலீங்க. எல்லாம் இவன் பண்ணுனது" என்று என் தோளைத் தட்டிச் சொல்வான். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு வாரமும் வண்டிக்கடியில் படுத்து அந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, சேவூரில் ஒரு கல்யாணத்துக்கு அவர்கள் இரண்டு பேரும் காலையில் கிளம்பிப் போனார்கள். ஒன்பது மணி வாக்கில் கம்பெனிக்குப் போன் வந்தது. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

சேவூர் போகும் வழியில் ஒரு வாய்க்கால் பாலத்துக்கு அப்பால், சாலையோரப் புளியமரத்தில் இடதுபக்கம் மோதிக் கார் நின்றிருந்தது. இரண்டு பேரையும் ஒரு பால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். அவனுக்கு நெற்றியில் மட்டும் காயம் என்றும் அந்தப் பெண்ணுக்குத்தான் பலத்த அடி என்றும் சொன்னார்கள்.

"நெம்ப வெசையா வந்தாருங்க. பாலத்து மேட்டுல வண்டி எகிறிருச்சு. எறங்குனதும் ஒரே பக்கமா இழுத்துட்டுப் போயிருச்சு" என்றார் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்.

காரின் இடதுபக்கப் பின்பகுதி சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நான் வந்த வழியே திரும்பி நடந்தேன். சோளத்தட்டு அறுத்த காட்டில், பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, அந்த ஸ்பிரிங் கிடந்தது. வெட்டிய முனை தரையில் தேய்ந்து பளபளத்தது.

அடுத்து நான் செய்ததை எப்படிச் சொன்னாலும் அதற்குப் பெயர் ஒன்றுதான். ஸ்பிரிங்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். காருக்கடியில் படுத்து, அச்சில் அறுந்து தொங்கிய கட்டுக்கம்பியைக் குறடால் பிடுங்கி எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் சாமான்களைப் பத்திரப்படுத்துகிறேன் என்று நினைத்து, பின்சீட்டில் இருந்த அவளுடைய கைப்பையையும் எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். ஸ்பிரிங்கை அன்றைக்கே கம்பெனியின் பழைய இரும்புக் குவியலில் போட்டேன். மறுவாரம் இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போனான்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நண்பன் தலையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

"மெதுவாப் போங்கன்னு அவ சொன்னாப்பா. நாந்தான் கேக்கலே. பாலத்துகிட்ட வெசையக் கொறச்சிருக்கோணும்" என்றான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "விடுப்பா. நடக்கறது நடந்துதான் தீரும்" என்றேன்.

அவளுடைய அண்ணன்மார் வந்தார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே அவனை நிற்க வைத்துக் கேட்டார்கள். பொண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு பந்தயமா ஓட்டினாய் என்று மூத்தவர் கத்தினார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான். நானும் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

அவள் நடமாட ஆறு மாதம் ஆனது. இடதுகால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மறுபடி ஓவர்லாக்கில் உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. வலியில் பெடலை மிதிக்கவும் முடியவில்லை. இரண்டு நாள் முயன்றுவிட்டு, செக்கிங் மேஜை அருகே நின்றுகொண்டு, தைத்து வரும் பனியன்களில் ஓட்டை பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். யாரிடமும் குறை சொல்லவில்லை. நண்பன் காரைப் பழைய இரும்புக்கே போட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவன் எந்த வண்டியையும் தொடவில்லை. அவள் இருக்கும் அறைக்குள் வந்தால் அவன் குரல் தாழ்ந்துவிடும். சாப்பிடும்போது தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். நான் தினமும் அங்கே வேலைக்குப் போய்க்கொண்டு, ஊசி மாற்றி, எண்ணெய் விட்டு, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாறு வருடம் இப்படியே போயிற்று. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவளைத் தற்செயலாகப் பார்த்தேன். டவுன் பஸ்ஸில் படி உயரம். கண்டக்டர் ஒரு கையைப் பிடித்து இழுக்க, பின்னால் நின்ற பெண் ஒருத்தி இடுப்பைத் தாங்கித் தூக்கிவிட்டாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே சொல்லிவிட்டேன். மத்தியானம் கரண்ட் போய் மெஷின்களெல்லாம் நின்றிருந்த நேரம். ஆட்கள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள். நிட்டிங் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு விரல் இடைவெளி, கட்டுக்கம்பி, காட்டில் கிடந்த ஸ்பிரிங், இரும்புக் குவியல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவன் நூல் கோன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்குச் சொன்னே?" என்று கேட்டான்.

"மனசு கேக்கலேப்பா."

"உன்ற மனசுக்காகவா?"

அவன் கோனைக் கீழே வைத்தான்.

"இத்தனை வருசமா அவ மூஞ்சியப் பார்க்காம சோறு திங்கறேன். அவ என்னைய மன்னிச்சுட்டா. அது அவளுக்கு எத்தன செரமமுன்னு எனக்குத்தான் தெரியும். இப்பப் போயி, நீ மன்னிச்சது தப்பான ஆளைன்னு அவகிட்டச் சொல்லுவனா? ஸ்பிரிங் கழண்டது உன்னால. வெசையா ஓட்டுனது நாந்தானே?"

கதவை நோக்கி நடந்தவன் திரும்பி, "அவகிட்ட வாய் தொறக்காதே. நாளையிலிருந்து வேற எடம் பாத்துக்க" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான்.

கரண்ட் வருவதற்குள் என் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதே வேலம்பாளையத்தில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. சாலையில் எதிரே வந்தால் அவன் தலையாட்டுவான். நானும் ஆட்டுவேன்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

"ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுப் பக்கமே வர்றதில்லீங்களே?"

"புதுக் கம்பெனியில வேலை நெம்ப அம்மிணி."

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

"அவுரு இப்பெல்லாம் நெம்ப மாறிட்டாருங்கண்ணா. முன்னாடி பேசமாட்டாரு, அவ்வளவுதான். இப்ப என்னமோ சொல்ல வர்றாரு, பொறவு எந்திரிச்சுப் போயிர்றாரு. ஒரு வருசமா இப்படித்தான். உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க அம்மிணி" என்றேன். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். ஆட்களுக்கு இடையில் காலை இழுத்து இழுத்து நடந்து போனாள்.