வம்ச அட்டவணை என் பங்கு

வேதாகமத்தை முழுவதுமாக வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் பக்தி இல்லை, கோபம்.

கிறிஸ்துமஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மகள், கேக் வெட்டிய கையோடு, தான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் அவளோடு வேலை பார்க்கிறவன். அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இந்துக்கள். ஆவணியில் நாள் பார்க்கலாம் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். என் கணவர் எங்கள் சபையின் செயலர். செல்லூரில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார் என்றாலும், யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் முதலில் செயலர் என்றுதான் சொல்வார். கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு, "இத வேதம் ஒத்துக்கிடாது" என்றார்.

"எந்த எடத்துலங்க?" என்று கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"எந்த எடத்துலயா? எல்லா எடத்துலயுந்தான்."

மறுநாளே மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு அவர் போகப் போவதில்லை, நானும் போகக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. எத்தனையோ வருடமாக ஞாயிறு தவறாமல் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தவள் நான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் மற்றவர்கள் சொல்லக் கேட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். எல்லா இடத்திலும் இருக்கிறது என்றால் ஏதாவது ஒரு இடத்தில் என் கண்ணிலும் படத்தானே வேண்டும்? பட்டுவிட்டால் போகாமல் இருந்துவிடுவது என்றுகூட நினைத்தேன். நான் விசுவாசிதான். கேலி பேசுகிறவளுக்கு விசுவாசம் இருக்காது என்று யார் சொன்னது? ஆனால் ஆவணிக்குள் வாசித்து முடித்தாக வேண்டும்.

எப்படி வாசிப்பது என்று நாலு பேரிடம் கேட்டதுதான் நான் செய்த தப்பு. எங்கள் சபையில் பைபிளை வாசித்தவர்களைவிட, அதை எப்படி வாசிப்பது என்று தெரிந்தவர்கள் அதிகம்.

பெண்கள் சங்கத் தலைவி ஓர் அட்டவணை கொடுத்தார். மேலே சூரிய உதயம், கீழே பனைமரம், நடுவே கட்டம் கட்டமாக ஒரு வருடம். ஜனவரியில் சிருஷ்டிப்பு, டிசம்பரில் உலக முடிவு. என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். உலக முடிவு வரை காத்திருக்க முடியாது. "அப்படின்னா நம்ம வாட்ஸ்அப் குரூப்புல சேந்துரு தாயி" என்று என்னைச் சேர்த்துவிட்டார். விடியற்காலையில் அன்றைய பகுதி வரும். பால் பொங்குவதற்குள் "வாசித்தேன்" என்று எல்லாரும் கைகூப்பும் படத்தோடு போட்டுவிடுவார்கள். லேவியராகமத்தில் குஷ்டரோகத்துக்கான அத்தனை விதிமுறைகளையும் அவ்வளவு சீக்கிரம் வாசித்து முடித்த சபை பூமியில் எங்கள் சபை ஒன்றாகத்தான் இருக்கும்.

சென்னையில் இருக்கும் என் மகன் செல்போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தான். தினமும் வாசித்தால் திரையில் ஒரு நெருப்பு எரியும். ஒரு நாள் விட்டால் அணைந்துவிடும். பிறகு "உங்களைத் தேடினோம்" என்று செய்தி வரும். என் மாமியார்கூட அவ்வளவு இனிப்பாகக் குத்திக்காட்டியதில்லை. போதகரிடம் கேட்டேன். அவர் வண்ணப் பென்சில் வாங்கச் சொன்னார். வாக்குத்தத்தத்துக்குப் பச்சை, கட்டளைக்குச் சிவப்பு. அவரிடம் அந்தப் பழக்கம் கற்றுக்கொண்டவர்களின் வீடுகளில் பார்த்திருக்கிறேன், பச்சைப் பென்சில் கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்திருக்கும். சிவப்பு, கடையில் வாங்கியபடியே கூராக இருக்கும்.

இப்படி நான் திட்டம் தேடி அலைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஜூலையில் வரும் எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் குடும்பமாக வேதத்தை வாசித்து முடிப்பவர்களுக்கு ஷீல்டு. குடும்பமாக என்றால் பிரித்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்க, பிரித்துக்கொள்ளலாம் என்று போதகர் பெரிய மனசு பண்ணிவிட்டார். செயலர் வீட்டுக்கு ஷீல்டு வராவிட்டால் என்ன ஆவது? அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையிலேயே பங்கு பிரித்தாகிவிட்டது.

கிணற்றடி நிலத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு கரட்டைத் தம்பிக்குத் தள்ளிவிடும் அண்ணனைப் போலப் பிரித்தார். சங்கீதம், நீதிமொழிகள், சுவிசேஷங்கள் அவருக்கு. நிருபங்கள் சென்னைக்கு. லேவியராகமம், எண்ணாகமம், ராஜாக்கள், நாளாகமம், எஸ்றா, தீர்க்கதரிசிகள், யார் யாரைப் பெற்றார்கள் என்கிற அட்டவணைகள் அம்புட்டும் எனக்கு.

"பாப்பாவுக்கு?" என்றேன்.

"எந்தப் பாப்பா?" என்றார்.

குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. பெற்ற பிள்ளையை ஒரு கேள்வியால் துடைத்துப் போட்டுவிட முடியுமா? வெளியே வந்து, "அப்ப அவ பங்கையும் நானே வாசிச்சுக்கிறேன்" என்றேன். அவர் மறுப்பு சொல்லவில்லை. ஷீல்டு முக்கியம்.

திட்டம் அப்படித்தான் அமைந்தது. காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிறைகிற நேரம் என் நேரம். கோச்சடையில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் எல்லா வீட்டு மோட்டாரும் ஓடும். அந்த இரைச்சலில் உட்கார்ந்து வாசிப்பேன். தொட்டி வழிகிற சத்தம் கேட்டால் ஆமென்.

வம்ச அட்டவணைகள் வறண்டு கிடக்கும் என்றுதான் எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு அப்படி இல்லை. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா மகன் பெயர் விட்டுப்போனதற்கு மூன்று தலைமுறை பேச்சு வார்த்தை இல்லாத ஊர்க்காரி நான். பெயர் வரிசையை எப்படி வாசிப்பது என்று எனக்கா தெரியாது? யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை, எங்கே மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டே போனேன்.

அப்படி ஒரு இடம் நாளாகமத்தில் வந்தது. ஒரு மனிதன். அவனுக்கு மகன் இல்லை, மகள்கள்தான். அவனிடம் ஒரு வேலைக்காரன் இருந்தான், எகிப்து தேசத்தான். தன் மகளை அவனுக்கே கல்யாணம் செய்து கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். இடி விழவில்லை, பூமி பிளக்கவில்லை. அவளுக்குப் பிறந்த பிள்ளை, அந்தப் பிள்ளைக்குப் பிறந்த பிள்ளை என்று பெயர்கள் மூச்சுவிடாமல் ஓடுகின்றன. வேற்று தேசத்தான் மருமகனாக வந்த குடும்பத்தை ஒரு பெயர் விடாமல் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். தொட்டி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரம்மா கத்திய பிறகுதான் எழுந்தேன்.

பிறகு எஸ்றாவும் வந்தது. அதை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வேற்று ஜாதிப் பெண்களைக் கட்டியவர்கள் அவர்களைப் பிள்ளைகளோடு அனுப்பிவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடுகிறார்கள். அன்றைக்கு அடைமழை என்றுகூட எழுதியிருக்கிறது. அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று எழுதவில்லை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் சொன்ன "எல்லா எடமும்" என் பங்கில் இதுதான். அதை அவர் வாசித்ததில்லை என்பதும், வாசித்த ஒரே ஆள் நான் என்பதும்தான் வேடிக்கை.

மகள் போனில் கேட்பாள். "அம்மா, நீ வருவியா மாட்டியா?"

"வாசிச்சுக்கிட்டு இருக்கேன்டி."

"நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்ற?"

இரண்டையும் வைத்துக்கொண்டு பல நாள் மல்லுக்கட்டினேன். ஒரு பக்கம் அனுப்பிவிடு என்கிறது, இன்னொரு பக்கம் பெயரைச் சேர்த்துக்கொள் என்கிறது. ஒன்று தெளிவானது. என் பிள்ளையை அடைமழையில் அனுப்புகிறவளாக என்னால் இருக்க முடியாது. மேலே போனதும் ஆண்டவர் கேட்டால், நாளாகமத்தைக் காட்டிக்கொள்ளலாம்.

பண்டிகை வந்தது. ஷீல்டு எங்களுக்குத்தான். வேறு எந்தக் குடும்பமும் முடிக்கவில்லை. பங்கு பிரிக்கும் சாமர்த்தியம் எல்லா வீட்டிலும் இருந்தது. கரட்டை உழ ஆள்தான் இல்லை. என் கணவர் வெள்ளை வேட்டி சட்டையில் மேடையேறி ஷீல்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் பின்னால் நின்றேன். போதகர் என்ன நினைத்தாரோ, மைக்கை என்னிடம் நீட்டினார். "அம்மாதான் அதிகம் வாசிச்சதா கேள்விப்பட்டேன். உங்களத் தொட்ட ஒரு பகுதிய சபைக்குச் சொல்லுங்கம்மா."

மைக்கை வாங்கிக்கொண்டேன். சொன்னேன். "மகன் இல்லாத ஒரு மனுஷன், தன் மகள எகிப்து தேசத்து வேலைக்காரனுக்குக் கட்டிக் குடுத்தான். அந்த வம்சத்த ஒரு பேர் விடாம வேதத்துல எழுதியிருக்கு."

"ஆமென்!" என்றது சபை.

மைக்கில் என்ன சொன்னாலும் எங்கள் சபை ஆமென் சொல்லும். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிட்டது என்று ஒருமுறை அறிவித்தபோதும் சொன்னது. அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "அதே மாதிரி எங்க மகளுக்கும் வர்ற ஆவணியில அலங்காநல்லூர்ல கல்யாணம். எல்லாரும் வந்து ஆசீர்வதிக்கணும்."

"ஆமென்! அல்லேலூயா!"

அதில் உரத்த ஆமென் எனக்கு முன்னாலிருந்து வந்தது. ஷீல்டை அணைத்தபடி, கண்ணை மூடி, பழக்க தோஷத்தில் என் கணவர்தான் சொன்னார். கண்ணைத் திறந்து பார்த்தபோது வார்த்தை வாயைத் தாண்டிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஷீல்டை டிவிக்கு மேலே வைத்தார். அதற்குப் பிறகுதான் அவர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பங்கைத் தாண்டி வாசிக்க ஆரம்பித்தார். நான் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகத்தான். சில நாளில் எஸ்றாவைத் தேடிப் பிடித்து, விரலை வைத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். "இந்தா, இதுக்கு என்ன சொல்ற?"

"அதயும் வாசிச்சேன். என்னால தாங்க முடியல. நீங்க தாங்குவீங்களா?"

பைபிளை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு இட்லி இரண்டோடு எழுந்துவிட்டார். ஆனாலும் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவரை அசைத்தது வேதம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அசைத்தது வேன். மேடையில் நான் சொன்னதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு, பெண்கள் சங்கத் தலைவி வேன் பேசிவிட்டார். வாட்ஸ்அப்பில் "வாரேன்", "வாரேன்" என்று கைகூப்பும் படங்கள் குவிந்தன. போதகரும் வருகிறார். சபையே போகிறது, செயலர் போகவில்லை என்றால் அடுத்த சபைத் தேர்தலில் என்ன பேசுவார்கள்? கல்யாணத்தன்று காலையில் அதே வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தார். முன் சீட்டு எப்போதும் செயலருக்குத்தான்.

மண்டப வாசலில் மகள் நின்றிருந்தாள். வேன் கதவு திறந்து முதலில் அப்பா இறங்குவதைப் பார்த்ததும் கட்டிய பட்டுச் சேலையோடு ஓடி வந்தாள். பக்கத்தில் வந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். அவரும் நின்றார். பின்னால் சபையார் வேனை விட்டு இறங்க முடியாமல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"சாப்டியா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட, சபையார் இறங்கினார்கள். எனக்குத்தான் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

இந்த வருடமும் ஷீல்டு அறிவித்தார்கள். டிவிக்கு மேலே இருந்த போன வருட ஷீல்டைத் துடைத்துவிட்டு, என் கணவர் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் பங்கு பிரித்தார். சங்கீதத்தையும் சுவிசேஷத்தையும் தனக்கே வைத்துக்கொண்டார். மனிதர் அப்படியெல்லாம் திருந்திவிடவில்லை. நிருபங்கள் சென்னைக்கு. நாளாகமம் வழக்கம்போல எனக்கு. நான் எதுவும் கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு அவரே சொன்னார்.

"லேவியராகமத்தப் பாப்பாவ வாசிக்கச் சொல்லு."

வறண்டதிலும் வறண்டதைத்தான் கொடுத்திருக்கிறார். உடனே மகளுக்குப் போன் போட்டேன்.